நீல மையில் ஒரு வரி

இலையுதிர் காலத்து இளவெயில் நெக்கார் ஆற்றின்மேல் படர்ந்த பனிமூட்டத்தை மெல்ல விலக்க, திராட்சைக் கொடித் தோட்டங்கள் படிப்படியாய் இறங்கிவந்து வீட்டுக் கூரைகளைத் தொட்டு நிற்கும் ஸ்டுட்கார்ட் மாநகரம், வேலைக்கு விரைவோரின் காலடியோசையும் மேடேறும் தொடர்வண்டிகளின் மணியோசையும் கேட்டுச் சோம்பல் முறித்து எழுந்துகொண்டிருந்தது. அந்நகரின் மேட்டுத் தெருவொன்றில், அமெரிக்கப் பெருமக்கள் முன்னாளில் இந்நாட்டு எளிய மக்களுக்கு எழுதிய மடல்களை ஒளியும் ஈரமும் அண்டாமல் பேணிவரும் ஆவணக் காப்பகம் ஒன்று உண்டு. நற்றமிழ் கற்றோரே, அம்மடல்களைக் காக்கும் பொறுப்பேற்றிருந்த வத்சலா என்னும் திருச்சிராப்பள்ளிப் பெண், அன்று காலை இரண்டு தாள்களை எதிரே வைத்துக்கொண்டு திருதிருவென விழித்துக்கொண்டிருந்தாள்.

அவற்றுள் ஒன்று, மன்னாரிலிருந்து ஏதிலியாய் வந்து, கெல்சென்கிர்ச்சன் நகரில் உழைத்து ஓய்ந்த ஞானப்பிரகாசம் என்னும் முதியவர் முதல்நாள் கொணர்ந்து ஒப்படைத்தது. ஊரில் படையினர் பிடித்துச்சென்ற தம் தம்பி சூசைதாசனைத் தேடித் தருமாறு உலகத்துப் பெரியோர்க்கெல்லாம் இளமையில் மடல் விடுத்தவர் அவர். மறுமொழி தந்தவரோ அமெரிக்க மேலவை உறுப்பினர் ஒருவர் மட்டுமே. தட்டச்சில் ஆறுதல் மொழி, அதன் கீழே கையொப்பம், அதற்கும் கீழே நீல மையில் கையால் எழுதிய ஒரு வரி: "உங்கள் தம்பி சூசைதாசனைப் பற்றிச் செய்தி வந்தால் எனக்கு எழுதுங்கள்." வீட்டாரல்லாத ஒருவர் அவன் பெயரை எழுதிய தாள் இவ்வுலகில் அது ஒன்றே ஆதலால், தம் காலத்துக்குப் பின்னும் அப்பெயர் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டுமென்பதே முதியவரின் ஆசை. ஆனால் பெருமக்கள் தம் கையாலேயே ஒப்பமிட்டவற்றை மட்டுமே அந்தத் தொகுப்பில் சேர்ப்பது காப்பகத்தின் நெறி.

அதே உறுப்பினர் ரொட்டி சுட்டு விற்கும் இந்நாட்டு அடுமனையாளர் ஒருவருக்கு எழுதிய மடல் முன்னரே தொகுப்பில் இருந்தமையால், இரண்டையும் கீழிருந்து ஒளிவிடும் பலகைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள் வத்சலா. கையொப்பங்கள் இம்மியும் பிசகாமல் பொருந்தின. "அடடா, அதே கை!" என்று துள்ளிய அவள் உள்ளம் மறுநொடியே திக்கென்றது. எந்த மனிதனாலாவது தன் பெயரை இருமுறை இம்மி பிசகாமல் எழுத முடியுமா? முடியாதே! இரண்டிலும் ஒப்பமிட்டது, ஒருவர் கையொப்பத்தை அப்படியே படியெடுத்து வரையும் பொறி. முன்னரே தொகுப்பில் நுழைந்துவிட்ட அடுமனையாளரின் மடலும் நெறிக்குப் புறம்பானதே! ஆறுதல் மொழியும் சொல்லுக்குச் சொல் அடுமனையாளருக்குப் போனதுதான். நீல வரியோ அவ்வுறுப்பினரின் கையெழுத்தே அன்று. பொறி படியெடுத்த அவர் கையொப்பத்தின் எழுத்து வலப்புறம் சாயும், இது இடப்புறம் சாய்ந்திருந்தது. பெயருள்ள பகுதி வெறும் பொறி, நெஞ்சுள்ள பகுதிக்குப் பெயரில்லை என்றால், இதில் எதை மெய்யென்பது, எதைப் பொய்யென்பது?

முதல்நாள் சொல்லிச்சென்றபடியே முதியவர் வந்தமர்ந்தார். மறைக்க மனமின்றி, வத்சலா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"அப்ப அந்தப் பெரிய மனுசன் என்ரை கடிதத்தை வாசிக்கவே இல்லையோ, பிள்ளை?"

"தெரியலை, ஐயா. ஆனா யாரோ வாசிச்சிருக்காங்க. உங்க தம்பி பேரை அவங்கதான் கையால எழுதியிருக்காங்க."

"அவர் கேட்டவர் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான். ஒரு செய்தியும் வரேல்லை, அதாலை நானும் எழுதேல்லை." முதியவர் நீல வரியை விரலால் தொட்டார். "கேட்டது ஆர், பிள்ளை? இத்தனை வருசமா நான் ஆருக்கு மறுமொழி சொல்லாமல் இருக்கிறன்?"

அவ்வுறுப்பினரின் பணிமனையில் தட்டச்சுப் பொறிமுன் அமர்ந்திருந்த இளம்பெண்ணோ, மடல்களை உறையிலிட்ட ஊழியரோ, யாரறிவார்? ஆணையின்றி, ஊதியமுமின்றி, கடலுக்கப்பால் காணாமற்போன ஒருவனுக்காக அந்தக் கை ஒரு நொடி நின்றிருக்கிறது.

"அப்ப இதை இஞ்சை வைக்க ஏலாது, என்ன?" என்று தாளை மடிக்கப்போனார் ஞானப்பிரகாசம்.

"மடிக்காதீங்க ஐயா!" என்று தடுத்தாள் அவள். "அந்தப் பெரியவங்க வரிசையில வைக்க முடியாது. நான் வேற பெட்டி போடுறேன்."

புதிய பெட்டியொன்றை எடுத்து, எழுதியவர் என்னுமிடத்தில் 'பெயர் அறியப்படாதவர்' என்றும், பொருள் என்னுமிடத்தில் 'சூசைதாசன்' என்றும் பொறித்தாள். அது எவ்வரிசையைச் சேர்ந்ததென்று அவளுக்கு இன்றளவும் விளங்கவில்லை. மேலாளர் கேட்டால் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. முதியவர் ஒரு வெற்றுத்தாள் கேட்டு வாங்கி, தம் கையாலேயே எழுதி, மடலின் மேல் தாமே வைத்து மூடினார். பெருமக்களின் பெயர்கள் இருண்ட பேழைகளுக்குள் அணிவகுக்கும் அக்காப்பகத்தில், அறியாத ஒருவருக்கு ஆண்டுகள் பல கடந்து எழுதப்பட்ட அம்மறுமொழியும் இன்று உறங்குகிறது:

"தம்பியைப் பற்றி இன்னும் ஒரு செய்தியும் வரேல்லை. கேட்டதுக்கு நன்றி."