டிஸ்க்கைக் காணவில்லை

ஸ்ரீரங்கன் உயிரோடு இருந்தவரை வீட்டில் ஒருவரையும் ஐந்தரைக்கு மேல் தூங்கவிட்டதில்லை. போன பிறகும் விடவில்லை. விடிகாலை ஐந்தரை ஆனால் போதும், அவருடைய கம்ப்யூட்டர் யாரும் தொடாமலே 'பீப்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு எழுந்துகொள்ளும். மந்தைவெளி ஃபிளாட்டில் தனியாகப் படுத்திருக்கும் அவர் மனைவி வைதேகி திடுக்கிட்டு விழிப்பாள். காபிக்கு அவர்தான் அவசரப்படுத்துகிறார் என்று பாதித் தூக்கத்தில் "இதோ" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

பயந்தாலும் எழுந்து போவாள். காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கணவர் கடைசியாகச் சொன்னது, "சிஸ்டத்துல உனக்குன்னு ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். ஆத்துக்குப் போனதும் பாரு" என்பதுதான். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷர் அவளுக்கு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பட்டியல். அந்த ஒன்று அவளுக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் அதன் முன்னால் உட்கார முடிந்தது. திரை முழுக்க இருட்டு. மூலையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வெள்ளை வரி: தொடங்குவதற்கு டிஸ்க்கைக் காணவில்லை, போட்டுவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்தவும். அழுத்துவாள். அதே வரி அதற்குக் கீழே இன்னொரு முறை வரும். ஒருநாள் திரை நிறையும்வரை அழுத்திப் பார்த்தாள். கண்ணாடியைக் காணாவிட்டால் அவரும் இப்படித்தான், கேட்டதையே கேட்டுக்கொண்டு நிற்பார்.

ஒரு மாதம் பொறுத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சைஃபைக் கூப்பிட்டாள். அவன் பெட்டியைக் கழற்றி, தூசியை ஊதி, அரை மணி நேரம் எதையோ மாட்டி எடுத்தான்.

"உள்ள இருக்கிற டிஸ்க் செத்து ரெண்டு மூணு வருஷம் ஆயிருக்கும்மா. சாரே ஒயரைப் புடுங்கி வெச்சிருக்காரு."

"அப்போ இத்தனை நாள் எப்படி ஓடித்து?"

"வெளிய வேற ஒண்ணு மாட்டி ஓட்டிக்கினு இருந்திருக்காரு. உள்ளங்கை சைஸ்ல கறுப்பா, சின்ன ஒயரோட, நீல லைட் எரியும். அது எங்க கீது?"

"தானா எழுந்துக்கிறதே?"

"அது சார் வெச்ச அலாரம்மா. டிஸ்க் இல்லாட்டியும் எழுந்துக்கும். பேயெல்லாம் ஒண்ணும் கெடையாது."

அந்தக் கறுப்புச் சாமான் எங்கே என்று வைதேகிக்குத் தெரியும்.

அவர் போன பன்னிரண்டாம் நாள் தானத்துக்குக் குடை, செருப்பு, சொம்பு, விசிறி எல்லாம் வரிசையாக வைத்தாயிற்று. யமலோகம் போகிற வழியில் வெயிலுக்குக் குடை, முள்ளுக்குச் செருப்பு. அவர் தினம் கையால் தொட்டது ஏதாவது இருந்தாலும் சேர்க்கலாம் என்றார் சடங்கு நடத்திவைத்த வாத்தியார். போன் இல்லாமல் அரை மணி இருக்கமாட்டாத மனுஷர், ஒரு வருஷ நடை, சார்ஜ் எத்தனை நாளைக்கு வரும் என்று வைதேகிக்குத் தோன்றிவிட்டது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் எப்போதும் நீல விளக்கோடு செருகிக் கிடக்கும் பவர் பேங்கைத் தன் கையாலேயே பிடுங்கி, துடைத்து, குடைக்குப் பக்கத்தில் வைத்தாள். பவர் பேங்க் என்றுதான் நினைத்தாள். வைத்தபோது மனசு கொஞ்சம் நிறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தானம் வாங்கியவர் மயிலாப்பூரில் ஆன்லைனில் வேத பாடம் சொல்லிக்கொடுக்கும் வேதாந்தம். கொடுத்த தானத்தைத் திருப்பிக் கேட்பது அவள் குடும்பத்தில் கேள்விப்படாத காரியம். கேட்டால் கணவருடைய நடை பாதி வழியில் நின்றுவிடுமோ என்று பயந்தாள். கேட்காவிட்டால் அந்த ஒன்று கிடைக்காது. இரண்டு முறை போனை எடுத்து வைத்துவிட்டு மூன்றாம் முறை அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். திருப்பித் தர வேண்டாம், ஒரு தடவை பார்த்தால் போதும் என்றாள்.

"அதுவா மாமி? போனுக்குப் போட்டேன், சார்ஜ் ஏறலை. அப்புறம்தான் டிஸ்க்குன்னு தெரிஞ்சுது. லேப்டாப்ல சொருகினா ஃபார்மட் பண்ணணும்னு கேட்டுது. காலின்னு நினைச்சுண்டு பண்ணிட்டேன். பாடம் சொல்ற வீடியோ அத்தனையும் அதுலதான் ரொப்பி வெச்சிருக்கேன். இப்போ இடமே இல்லை."

சைஃப் தலையை ஆட்டினான். "மேல ரொப்பிட்டாருன்னா ஒண்ணியும் எடுக்க முடியாதும்மா."

வேதாந்தம் நல்ல பிள்ளை. சைஃப் சொன்னது காதில் விழுந்து அவரைச் சங்கடப்படுத்திவிட்டது.

"மனசுல வெச்சுக்காதீங்கோ மாமி. தானமாக் குடுத்தது வீண்போகாது. நீங்க குடுத்தது குடுத்தபடியே மாமாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்."

அவள் போனை வைத்தாள். சைஃப் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டே, "இன்னாம்மா, யாராண்ட போய்ச் சேர்ந்துச்சாம்?" என்றான்.

"அவர்கிட்டயே போய்ச் சேர்ந்துடுத்தாம்," என்றாள் வைதேகி. "படிக்காமலே திருப்பி அனுப்பிட்டேன்னு நினைச்சுண்டு நடப்பார்."