தங்கையின் வண்டிக்கு வால்வு ஸ்பிரிங்

என் பட்டறையில் அதிகம் சத்தம் போடுவது நான்தான். இன்ஜின்கள்கூட எனக்கு அடுத்தபடிதான். அதனாலேயே என் தங்கை தன் பந்தய வண்டியைப் போன வருடம் வேறு பட்டறையில் கொடுத்தாள். "உன்கிட்ட வாங்கிக் கட்டிக்க என்னால முடியாதுண்ணே" என்றாள். அங்கே போட்ட வால்வு ஸ்பிரிங்குகளில் வலுவே இல்லை. ஓட்டத்தில் அவள் ஒரு கியரைத் தப்பாகப் போட, இன்ஜின் எகிறியது; அந்த வேகத்துக்கு ஸ்பிரிங்கால் வால்வை மூட முடியவில்லை. பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்து, உள்ளே எல்லாம் சுக்குநூறு.

இந்த வருடம் அவளுடைய பந்தய அணியின் மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். சோதனை ஓட்டத்தில் இன்ஜின் தாங்கினால் அணியில் ஓட்டும் சீட் அவளுக்கு, தாங்காவிட்டால் வேறு ஆளுக்கு. தங்கை இன்ஜினை என்னிடம் கொண்டுவந்து இறக்கினாள்.

கடையில் இருந்ததிலேயே முரட்டு ஸ்பிரிங்காகப் பார்த்து வாங்கிவந்தேன். கையால் அழுத்தினால் இம்மியும் அசையாது. "இதுக்கு அப்புறம் எந்த வால்வு வாலாட்டும்னு பாக்குறேன்" என்றேன்.

எங்கள் பட்டறையில் அளவெடுப்பது என் மனைவி. ஒரு ஸ்பிரிங்கைப் பொருத்தி, வால்வு முழுதாகத் திறக்கும்வரை இன்ஜினைக் கையால் சுற்றினாள். சுருள்களுக்கு நடுவே மெல்லிய தகடு ஒன்றை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"ஏங்க, சுருளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டுது. கம்பி தடிமன் ஜாஸ்தி. இப்படியே ஓட்டினா ஸ்பிரிங் உடையும், இல்லேன்னா வால்வைத் தள்ளித் திறக்குற கேம் தேயும்."

"ஸ்பிரிங் உக்கார்ற இடத்தைக் கொஞ்சம் கடைஞ்சு கீழ இறக்கிடுறேன்."

"இறக்குங்க. அதுக்குக் கீழ தண்ணி ஓடுற பாதை. ஓட்டை விழுந்தா இன்ஜினுக்குள்ள மீன் வளக்கலாம்."

தங்கை களுக்கென்று சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சிரிடி, நல்லா சிரி! சீட் போச்சுன்னா யார்கிட்ட வந்து அழுவே?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அண்ணே, நீ பயப்படுறியா? நான் இத்தன வருஷமா அதைக் கோபம்னு நெனச்சுட்டு இருந்தேன்."

கடைக்குப் போய், அந்தக் கேமுக்கு எது பொருந்துமோ அந்த நடுத்தர ஸ்பிரிங்கை மாற்றி வாங்கிவந்தேன். ஒவ்வொன்றையும் இன்ஜினில் உட்காரும் உயரத்துக்கு அழுத்தி, எதிர்த்துத் தள்ளும் வலுவை மனைவி பார்த்துச் சொன்னாள். வலு சற்றுக் குறைந்திருந்தவற்றுக்கு அடியில் மெல்லிய வாஷர் வைத்து எல்லாவற்றையும் ஒரே வலுவுக்குக் கொண்டுவந்தேன். சுற்றிப் பார்த்தபோது தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை. வேலையும் என்னவோ சுகமாகவே நடந்தது.

சோதனை ஓட்டத்தன்று வேலியோரம் நின்றோம். பாதி ஓட்டத்தில், வளைவுக்குள் நுழையும்போது இன்ஜின் வீறிட்டது. அதே தப்பு! மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீறிடல் இறங்கியது. வண்டி பிசிறில்லாமல் வளைவைத் தாண்டிப் பறந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஓட்டம் முடிந்து இறங்கியவளிடம் மேலாளர் கைகொடுத்து, "சீட் உங்களுக்குத்தான்" என்றார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, வளைவுல கியர் தப்பா விழுந்துடுச்சு. நானே சொல்லிடலாம்னு வந்தேன்."

மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

"உனக்கு அறிவுன்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"ரொம்பப் பயந்துட்டேன்டி" என்றேன்.