கழுவாத துண்டு

எனக்குச் சுத்தம்னா சுத்தம். எங்க வீட்டுல ஆட்டுக்குடல் வாங்கினா, தண்ணி தெளியிற வரைக்கும் கழுவாம அடுப்புல ஏத்த மாட்டோம். அதே கைதான் ஆய்வகத்துலயும் வேலை செஞ்சது. ஆபரேஷன்ல எடுத்த மூளைக்கட்டித் துண்டு வந்ததும், ஒட்டியிருக்கிற ரத்தக்குழாயை எல்லாம் உரிச்சுக் கழுவி, ஸ்டெம் செல்லை மட்டும் தட்டுல வளர்ப்பேன். வெட்டி எடுத்த கட்டியைத் திரும்ப முளைக்க வைக்கிற விதை அதுதான். அதைக் கொல்ற வழி தெரியணும்னா முதல்ல அது உசுரோட இருக்கணும். இருந்தாத்தானே! ஒவ்வொண்ணும் வாடிச் செத்துச்சு.

அடுத்ததும் செத்தா ஆராய்ச்சியை மூடிரலாம்னு எங்க டைரக்டர் சொல்லிட்டாரு. அந்தக் கடைசித் துண்டு வண்டியூர் ஆட்டோக்காரர் அழகுபாண்டி அண்ணனோடது. ஆபரேஷனுக்கு முன்னாடி சம்மதம் குடுத்துட்டு என் முகத்தைப் பாத்துச் சொன்னாரு.

"என்னைய இந்தப் பாடு படுத்துது, தாயி. ஒரு தடவையாச்சும் அதைத் தோக்கடிச்சுக் காட்டுங்க."

துண்டைக் கழுவ எடுத்தேன். கூட வேலை பாக்குற ஜஸீலா என் கையைப் புடிச்சுட்டா. அந்தச் செல்லு ரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டித்தான் குடியிருக்கு, அதுக்குத் தெம்பே அங்கிருந்துதான் வருது, நீ வீட்டை இடிச்சுப்புட்டு ஆளைத் தேடுறியேன்னு சொன்னா. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. என் சுத்தத்தையா குறை சொல்றாள்னு மதியம் வரைக்கும் அவகிட்டப் பேசல. ஆனா துண்டைக் கழுவல. குழாயோடயே வளர விட்டேன்.

செல்லு பொழச்சுது. பொழச்சது மட்டுமா, கொழுத்துச்சு! வழக்கமான மருந்தை விட்டோம், அசரல. அப்பத்தான் உறைச்சுது, அந்தச் சுவரு அதுக்கு ஒளியிற இடமும்தான். சுவர்லருந்து செல்லுக்குப் போற சேதியை மறிக்க ஒரு மருந்தை முதல்ல விட்டோம். பொறவு அதே பழைய மருந்து. மறுபடி மறுபடி செஞ்சு பாத்தாச்சு, ஒரு செல்லுகூட மிஞ்சல. ஜஸீலாவைக் கட்டிப்புடிச்சு அழுதேன், அம்புட்டு சந்தோசம்.

அழகுபாண்டி அண்ணன் செக்கப்புக்கு வந்தப்ப, செத்துக் கிடந்த செல்லை மைக்ரோஸ்கோப்புல காட்டினேன். இது தட்டுல கெடச்ச ஜெயிப்புத்தான், மனுசருக்குக் குடுக்க வருசக்கணக்காகும்னு மறைக்காமச் சொன்னேன். அவரு கண்ணை எடுக்கவே இல்ல. தலையில இருந்த தழும்பைத் தடவிக்கிட்டே, வெளியில உக்காந்திருந்த சம்சாரத்தைக் கூப்பிட்டாரு.

"ஏ அன்னக்கொடி, உள்ள வா. நம்மளைப் பயமுறுத்துனவன் தோத்துக் கிடக்கான், வந்து பாரு."