என் கையெழுத்து போட்ட தவிட்டு டப்பா

கத்தரிக்கோலைத் தேடி அலமாரியின் கீழ்த்தட்டில் கையை விட்டேன். வந்தவை கொழுப்பு மாத்திரை அட்டைகள். ஒன்றல்ல, ஆறு. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. எட்டு மாதங்களுக்கு முன் என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், "இதை ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது" என்று விரலை ஆட்டிச் சொல்லி எழுதிக் கொடுத்தவை.

மனுஷர் காலை நடைக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அரை மணியில் திரும்பிவிடுகிறவர். போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் ஓடினேன். ஓடும்போதே புரிந்துவிட்டது, தப்பு என்னுடையதுதான். நான் அரிசி ஆலையின் லேபில் வேலை செய்கிறேன். அரிசியைத் தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் நார்ச்சத்து இருக்கிறது, கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கிற ஒரைசனால் இருக்கிறது, அதையெல்லாம் மாட்டுக்குப் போட்டுவிட்டு நாம் வெறும் வெள்ளையைத் தின்கிறோம் என்று வீட்டில் வாய் ஓயாமல் பேசுவேன். தவிட்டை அப்படியே விட்டால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். அதனால் ஆலையிலேயே சூடேற்றி, ஆறவைத்து, டப்பாவில் அடைத்து, அவர் தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிடக் கொண்டுவருவேன். பழக்க தோஷம், லேப் சீட்டு ஒன்றையும் அதில் ஒட்டித் தொலைத்தேன். தேதி, ஈரப்பதம், 'கொழுப்பைக் குறைக்கும்', கீழே என் கையெழுத்து. 'கொஞ்சம்' என்று எழுத இடம் போதவில்லை.

அவர் அதே ஆலையில் எடைமேடை பார்த்தவர். பதினாறு வருஷம் என் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரியை வெளியே விட்டதில்லை. முதலாளியே வந்து நின்றாலும், "லேப் கையெழுத்து எங்க?" என்று கேட்கிற ஆள்.

பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரையை ஏங்க நிறுத்துனீங்க?" என்று கத்தினேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? பயத்தில் எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"மாத்திரை, தவிடு ரெண்டும் எதுக்குன்னுதான்... டப்பாவுல நீயே கையெழுத்து போட்டிருக்கியே."

வந்த ஆட்டோவை மறித்து அவரை ஏற்றினேன். "ஆஸ்பத்திரிக்குப் போங்க, சீக்கிரம்!"

அவர் தலை என் தோளில் கனத்தது. உதடு வெளுத்திருந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது எனக்கு உயிரே போய்விட்டது. என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள் என்று மனசுக்குள் கதறினேன். அவர் என் கையை மெல்லப் பற்றிக்கொண்டார்.

"பயப்படாதே," என்றார். "காலையிலேருந்தே நெஞ்சு ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் இன்னிக்கு தவிட்டை ரெண்டு ஸ்பூன் கூடவே போட்டுக்கிட்டேன்."