எட்டாம் நாள் மழை

ஞானதாஸ் வாத்தியாருக்குப் பொய் சொல்கிற பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது. அதுவும் எண்ணில் பொய் சொன்னால் பிரம்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

1999 ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு அவர் கொடுத்தது சுலபமான வேலைதான். தலையை வெட்டிய பாட்டிலில் ஸ்கேலைக் கட்டி வெட்டவெளியில் வைக்க வேண்டும். தினமும் காலையில் மழையை அளந்து மாதக் கடைசியில் கிராப் போட வேண்டும். திண்டுக்கல் வானம் பிள்ளைகளுக்குச் சிரமமே வைக்கவில்லை. எல்லார் தாளிலும் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

ஜோஸ்பின் தாளில் மட்டும் நாலு இடத்தில் கொம்பு முளைத்திருந்தது.

"ஏத்தா, ஊரே காயுது. ஒங்க வீட்டுல மட்டும் பதினஞ்சு மில்லிமீட்டரா? நான் பக்கத்து வீடுதான, எனக்குத் தெரியாம என்ன மழை?"

"மாதா மேல சத்தியமா சார். விடிஞ்சு பாத்தா பாட்டில்ல தண்ணி நிக்கிது."

"புளுகுக்குச் சத்தியம் வேறயா?" சிவப்புப் பேனாவால் பெரிய முட்டை ஒன்று போட்டார். ஜோஸ்பின் அழுதுவிட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். வகுப்புக்கே பாடமாகட்டும் என்று தாளைத் தூக்கிக் காட்டினார். "முகேஷ்குமார், மழ பேஞ்ச தேதியப் படி."

"மூணு, பதினொண்ணு, பத்தொம்பது, இருபத்தேழு. எட்டு நாளைக்கு ஒருக்க சார்."

"பாத்தீகளா! மழை காலண்டர் பாத்தா பேயும்?"

"சார், அது குழாயில தண்ணி வர்ற நாளு சார்" என்றான் அவன்.

தூக்கிப் பிடித்த தாளை ஞானதாஸ் மெல்ல இறக்கினார். அந்த நாட்களில் விடியுமுன்னே குழாயில் திருட்டு மோட்டாரைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுவார். மாடி டேங்க் நிரம்பி வழிவது ஜோஸ்பின் வீட்டுக் கொல்லைப் பக்கம். அந்நேரம் அவள் அம்மா வியாகுலம்மாள் தெருக்குழாயில் நூலாக ஒழுகும் தண்ணீருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு, "எந்தக் களவாணி மோட்டார் போட்டு உறியிறானோ" என்று சபித்துக்கொண்டிருப்பார். "கண்டுபிடிக்கணும்மா" என்று போன மாதம்கூட இவர் ஒத்து ஊதியிருந்தார்.

"அப்ப யாரு வீட்டு டேங்க்கோ வழிஞ்சிருக்கு சார்!" என்றான் முகேஷ்குமார் உற்சாகமாக.

அந்தத் தெருவில் டேங்க் இருந்தது ஒரே வீட்டில்தான். ஜோஸ்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பேனாவை எடுத்தார். முட்டைக்கு முன்னால் ஒன்று போட்டார்.

"பத்துக்குப் பத்து. நீ அளந்தது சரிதான்த்தா. வழிஞ்சது எங்க வீட்டு டேங்க்."

அடுத்த முறை தண்ணீர் வந்த அன்று, ஞானதாஸ் குடத்தோடு தெருக்குழாய் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற வியாகுலம்மாள் திரும்பினார்.

"என்ன சார், இன்னைக்கு எங்க வீட்டுல மழையே இல்ல?"

வரிசை மொத்தமும் திரும்பியது. ஞானதாஸ் குடத்துக்குள் தலையை விட்டு, ஓட்டை இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார்.