அம்ஹாவோடு முழு மனதாக

மூச்சை இழுத்து விடுவதற்கு ஒரு வகுப்பு, அதற்கு ஒரு மிஸ், குந்துவதற்குப் பிளாஸ்டிக் கதிரை. கல்முனையில் இன்னும் என்னென்ன கூத்தெல்லாம் வரப்போகிறதோ என்றுதான் முதல் நாள் நினைத்தேன். தங்கை ஸம்றா கையைப் பிடித்து இழுத்துப் போகாவிட்டால் நான் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆனால் எனக்கு வேறு வழியும் இல்லை. சவூதியில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து மாதக்கணக்காகிறது. மகள் அம்ஹா இன்னும் என்னை விருந்தாளியாகத்தான் நடத்துகிறாள். நான் போகும்போது அவளுக்கு ஐந்து வயது, இப்போது ஒன்பது. வளர்த்தது பக்கத்து வளவில் இருக்கும் ஸம்றா. பசித்தாலும் அவளிடம்தான் ஓடுவாள், வயிறு வலித்தாலும் அவளிடம்தான். என்னைக் கண்டால் எழும்பி நின்று, "உம்மா, பிளேன்டி ஊத்தவா?" என்று தேநீர் போடக் கேட்பாள். பெற்ற பிள்ளை இப்படி மரியாதையாகக் கேட்டால் வயிறு எரியாதா?

வகுப்பெடுத்த மேனுஜா மிஸ் தம்பிலுவில்காரி. மெதுவாகக் கதைப்பார்.

"புள்ளையோட இரிக்கக்குள்ள வேற ஒண்டையும் யோசிக்காதீங்க அக்கா. ஃபோன வைங்க. முகத்தப் பாருங்க, குரலக் கேளுங்க. மனசு ஓடினா மூச்சக் கவனிச்சுத் திரும்பி வாங்க."

"எனக்குத் தொழுகையிலயே மனசு நிக்கிதில்ல மிஸ். அடுப்புல மீன் ஆணம் அடிப்புடிக்குதோ எண்டு குசினிக்குத்தான் ஓடுது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். நான் செய்தேன். அம்ஹா குர்ஆன் ஓதப்பள்ளியால் வந்ததும் அவள் பக்கத்தில் குந்தினேன். சிக்கெடுத்துத் தலை வாரினேன். சோறு பிசைந்து தீத்தினேன். ஏசுவதை அறவே விட்டேன், என் வாய்க்கு அது நோன்பு பிடித்த மாதிரித்தான். ஒருநாள் அவள் இடது காதின் பின்னால் ஒரு மச்சத்தைக் கண்டேன். யா அல்லாஹ், என் பிள்ளையின் மச்சம் எனக்கே தெரியாதா என்று அழுகை வந்தது. அவளை அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு.

அவளோ நாளுக்கு நாள் சுருங்கினாள். சோற்றை மென்றுகொண்டே இருப்பாள், விழுங்க மாட்டாள். நகத்தைக் கடித்துத் தீர்த்தாள். பிறகு ஒரு பின்னேரம், உடுப்புகளை மடித்து அடுக்கி ஸம்றா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் மறித்தேன்.

"என்ன புள்ள, நான் ஒன்ன அடிச்சனா, ஏசினனா? என்னத்துக்கு இதையெல்லாம் அங்க கொண்டு போறாய்?"

நிலத்தைப் பார்த்தபடி கேட்டாள். "எப்ப உம்மா பிளேன்?"

"என்ன பிளேன்?"

"ஒங்களுக்கு விசா வந்திட்டுத்தானே. போன முறையும் இப்பிடித்தான். போறத்துக்கு முதல் ஏசவே இல்ல. தல வாரி விட்டீங்க, சோறு தீத்தினீங்க, சும்மா சும்மா மொகத்தப் பாத்துக்கிட்டே இரிந்தீங்க. எங்கட வகுப்பு முர்ஷித்ட உம்மாவும் அப்பிடித்தான் பாத்தவ. அடுத்த கிழம போயிட்டா."

அல்லாஹ் மேல் ஆணையிட்டேன்.

"வல்லாஹி, நான் எங்கயும் போகல்ல மகள்."

"அப்பயும் போகல்ல எண்டுதான் சொன்னீங்க. நான் அழ மாட்டன் உம்மா. சொல்லிட்டுப் போங்க."

கட்டிப் பிடித்தேன். பலகை போல நின்றாள். பிறகு உடுப்போடு போய்விட்டாள்.

அடுத்த நாள் காலையில், பள்ளிக்கூடம் போகும் வழியில் குடையை எடுக்க வந்தவள், கால் தட்டுப்பட்டுத் தேங்காய்ப்பால் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். இரவெல்லாம் கண் மூடாத எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம்.

"கண்ண எங்கடி வச்சிரிக்காய்? மூதேவி! ஒரு தேங்கா என்ன வில விக்கிது எண்டு தெரியுமா?"

சொன்ன கையோடு வாயைப் பொத்தினேன். அம்ஹா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் இறுகிக் கிடந்த அவள் தோள் இறங்கியது. பேசாமல் குந்தி, இரண்டு ரொட்டியை எடுத்து வேகமாகத் தின்றுவிட்டுப் போனாள்.

பகலைக்கு நான் குசினியில் கீரி மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து குந்தினாள். பிறகு கதைக்கத் தொடங்கினாள். டீச்சர் யாரையோ வெளியே நிற்பாட்டியதை, கூட்டாளியோடு கோபமானதை, மழையில் சப்பாத்து நனைந்ததை. இவ்வளவு கதை இந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் இருந்ததா!

திரும்பி அந்த முகத்தை ஒரு தரம் பார்க்க நெஞ்சு துடித்தது. பார்த்தால் திரும்பவும் பிளேன் நினைவு வந்து நிறுத்திவிடுவாள். மீன் முடிந்துவிட்டது, வெட்ட வேறொன்றும் இல்லை. நான் கத்தியை வைக்கவில்லை. வெறும் பலகையை வெட்டிக்கொண்டே "ம், பொறகு?" என்று எரிந்து விழுந்தேன்.