தட்டு மாறுவதற்குள்

...சொல்லிவிட வேண்டும், தட்டு மாறுவதற்குள் சொல்லிவிட வேண்டும், பெண்ணைப் பெற்றவன் தெரிந்துகொண்டல்லவா கை நீட்ட வேண்டும்... பஸ் ஆலப்பாக்கம் தாண்டிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் சிதம்பரம், மண்டபத்து வாசலில் மச்சான் கண்ணாயிரம் வழி பார்த்துக்கொண்டிருப்பான், தன் தம்பி மகள் நிச்சயதார்த்தம் என்று மனைவி பவானி நேற்றே போய்விட்டாள், பழனிவேல்தான் காலையில் சிப்காட்டுக்குப் போய்த் தொலைத்தார், மேனேஜர் என்பதால் இவரிடம் முதலில் சொல்கிறார்களாம், பெரிய மரியாதை! இந்த மாதத்தோடு ஃபாக்டரி மூடல். இருநூற்றுப் பத்துப் பேர், அதில் பாய்லர் பார்க்கும் கண்ணாயிரமும் ஒருவன், அந்த வேலையைப் பார்த்துத்தானே மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் பேசினார்கள்?

யார் செய்த வினை இது... மூன்று வருஷத்துக்கு முன்பு கம்பெனியைப் பிடிக்க மும்பைக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் மல்லுக்கட்டினார்கள், பழைய முதலாளி தொழிலாளிகளுக்குக் கொடுத்திருந்த பங்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அவருக்கே ஃபாக்டரி, மும்பைக்காரர் ஒரு பங்குக்கு முப்பது ரூபாய் கூடக் கொடுத்தார், அதற்காகத் தொழிலாளிகள் குடியிருக்கும் குடிகாட்டில் வீடுவீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியது யார்? இவர்தான். வாங்குகிற பணத்தில் முக்கால்வாசி பேங்க் கடன், அந்தக் கடனை ஃபாக்டரியே உழைத்துக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் அச்சடித்தே இருந்தது, மாட்டை அடகு வைத்த காசில் அதே மாட்டை வாங்குகிற வித்தை, படித்தாரா? பக்கத்தைப் புரட்டினார். குடிகாட்டுக்காரர்களும் காகிதத்தைக் கேட்கவில்லை, மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள், மும்பைக்காரர் எங்கே வந்தார், அவருக்காக இவர் அடித்தார், யாருக்கும் வேலை போகாது என்று... பிறகு ஃபாக்டரியில் செய்கிற சாயத்துக்கு விலை இறங்கியது, கேன்டீன் போனது, ஓவர்டைம் போனது, வட்டி மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பாவி, படித்தவன் நீ ஒருவன்தானே, படிக்காமல் விட்டாயே...

மண்டபத்தில் கண்ணாயிரத்தைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார். "மச்சான், ஒரு விஷயம்..." அவன் இவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. அடுத்த லோடு எண்ணெய் வேணாம்னு செவ்வாக்கெழமையே சொல்லிட்டாங்க, பாய்லர் பாக்குற எனக்குத் தெரியாதா? மாப்ள வீட்டுக்காரங்க காதுக்குப் போறதுக்குள்ள தட்ட மாத்திடலாம். பெரியவரா நீங்க நில்லுங்க."

"அது தப்பில்லையா மச்சான்?"

"நீங்க கேட்டப்ப நான் எதுனா கேட்டனா? கையெழுத்துப் போட்டன்ல?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை... தட்டோடு எதிரில் நிற்கிறார் பையனின் பெரியப்பா, போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக அல்ல, கூச்சத்தோடு சிரிக்கிறார், ஒரு கேள்வி கேட்க மாட்டாரா, வேலை நிலவரம் எப்படி என்று சும்மா ஒரு வார்த்தை... "மேனேஜர் சார் நீங்களே முன்ன நிக்கிறீங்க, எங்களுக்கு வேற என்னா வேணும்" என்கிறார். மேளம் உச்சத்துக்குப் போகிறது, பவானி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், சந்தோஷமாம். குடிகாட்டில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாரே, இன்றைக்கு என்ன சொல்லிக்கொள்வது... அதற்குள் தட்டை வாங்க இவர் கை நீண்டுவிட்டிருந்தது.